இண்டர்வெல் வரைக்கும் பார்த்த படம்

செல்வமணி அண்ணன் போய்விட்டார்.

வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர்... எழுந்திருக்கவே இல்லை. ஷிப்ட் குரூப்பில் மெசேஜ் வந்தபோது, வேறு யாரோ செல்வமணியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் செக்‌ஷன் ஆட்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் மெயின்டனன்ஸில் பதினெட்டு வருஷம் நானும் அவரும் ஒரே ஷிப்ட். ரிட்டயர்டு ஆனபிறகு அவர் பக்கத்து ஊரான வடக்குத்தில் சொந்த வீட்டில் இருந்தார். நான் இன்னும் குவார்ட்டர்ஸில். தனி ஆள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம்.

அண்ணனுக்குக் காது கேட்காது.

"எங்க குடும்பத்துக்கே அம்பதுக்கு மேல காது ரிட்டயர்டுடா. எங்கப்பனுக்கும் இதே கததான்" என்பார். காது மிஷின் வாங்கிப் போட்டுப் பார்த்தார். தலை வலிக்கிறது என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டார்.

அதனால்தான் அவருக்கு ஹாலிவுட் படம். அதுவும் பழைய கருப்பு வெள்ளைப் படம். கீழே எழுத்து வருமே!

"புதுப் படத்துல எழுத்தப் படிக்கறதுக்குள்ள காரு வெடிச்சிடுதுடா. பழசுல பாரு... தொப்பியக் கழட்டி, சிகரெட்டு பத்தவச்சி, அப்பறம்தான் வாயத் தொறக்குறான். பாத்துகினு இருக்கவனுக்கு ஒரு மரியாத!"

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனால் அமெரிக்கக்காரன் பேசுவது ஒரு எழவும் புரியாது, இங்கிலீஷை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நான் பென்டிரைவோடு அவர் வீட்டுக்குப் போவேன். அவர் எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்வார். சொல்வார் என்றா சொன்னேன்... கத்துவார். நாலு வீடு தள்ளி இருப்பவர்களுக்கும் கதை தெரிந்துவிடும்.

ஒருமுறை கம்பளிக் கோட்டு போட்ட ஒரு அம்மா, மாடிப்படியில் நின்று புருஷனிடம் கோபமாக ஏதோ சொன்னாள்.

அண்ணன் கத்தினார். "நான் எங்க ஆயா வூட்டுக்கே போயிடுறேங்குது!"

"அமெரிக்காவுல ஏதுண்ணே ஆயா வூடு?" என்று கை ஜாடையில் கேட்டேன்.

"ஓட்டலுக்குன்னுதான் போட்டுருக்கு. கோவிச்சிகினு போற பொம்பள ஓட்டலுக்கா போவும்? நீ படத்தப் பாருடா."

பேச்சை மட்டும் படித்தால் பரவாயில்லை. அடைப்புக்குறிக்குள் சத்தங்களைப் போடுவார்கள் இல்லையா, அதையும் விடமாட்டார். "கதவத் தட்டுறாங்க!" "தூரத்துல நாய் கொலைக்குது!" "பெருமூச்சு வுடுறா!" ஒருநாள் எரிச்சலில் பேப்பரில் எழுதிக் காட்டினேன். அண்ணே, எனக்குக் காது கேக்கும்.

படித்துவிட்டு என்னையே பார்த்தார். "இப்ப சோக மியூசிக்னு போட்டுருக்கு. ரொம்ப சோகமாவா இருக்கு?"

"சுமாரான சோகம்ணே" என்று எழுதினேன். தலையாட்டினார். அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

அண்ணி முந்திரி வறுத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். "வெள்ளக்காரி பேசுறதெல்லாம் இவருக்குப் புரியுது தம்பி. நான் பேசுறதுக்கும் கீழ எழுத்து வந்தா தேவல."

அந்தப் படங்களுக்கு இண்டர்வெல் கிடையாது. அண்ணன் வைப்பார். கதை சூடு பிடிக்கிற இடமாகப் பார்த்து டப்பென்று நிறுத்திவிட்டு, மீதி அடுத்த ஞாயிறு என்பார். கெஞ்சினாலும் போடமாட்டார். வாரம் முழுக்க வாட்ஸப்பில் அடித்துக்கொள்வோம். யார் திருடன், யார் யாரை விட்டுப் போவார்கள் என்று. உண்மையைச் சொன்னால், அந்த வாரங்களில் எனக்கு வந்த மெசேஜ்களே அவ்வளவுதான்.

போன ஞாயிறு பார்த்தது ஒரு கொலைப் படம். பாதியில் நிறுத்தினார்.

வியாழக்கிழமை காலையில் மெசேஜ் வந்தது. "யோசிச்சிட்டேன். கொன்னது அந்த டாக்டர்தான். பந்தயமா?"

"ஞாயித்துக்கெழம பாப்போம்" என்று போட்டேன். நீல டிக் வந்தது.

நான் போனபோது வாசலில் மேளம் காதைப் பிளந்தது. எப்போதும் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்துகிற அண்ணி, அன்று அவர் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை.

கிளம்பும்போது டிவியில் செருகியிருந்த பென்டிரைவைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். "எடுத்துகினு போங்க தம்பி. இங்க இனிமே யாரு பாக்கப் போறா."

இன்று ஞாயிறு. மூன்று மணிக்கு, குவார்ட்டர்ஸில், லேப்டாப்பில் போட்டேன். விட்ட இடத்திலிருந்து.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. படத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

எனக்கு நன்றாகக் கேட்டது. கதவைத் தட்டுறாங்க என்று சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

நிறுத்திவிட்டேன்.

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் யாராவது கமெண்ட்டில் முடிவைப் போட்டுவிடுவீர்கள். வேண்டாம். டாக்டர்தான் கொன்றார். அப்படியே இருக்கட்டும்.

அண்ணே... வாயால சொன்னா உங்களுக்குக் கேக்காது. அதான் எழுத்தாப் போடுறேன்.

போய்ட்டு வாங்க.