பாரிஸில் சும்மா இருந்த பத்து நாள்

எங்கள் குடும்பத்தில் காரியம் இல்லாமல் யாரும் எங்கேயும் போக மாட்டோம். கல்யாணம், சாவு, பிள்ளைப்பேறு, கோயில் வேண்டுதல் என்று ஏதாவது இருந்தால்தான் பையைத் தூக்குவோம். அதனால் 2011 கோடை விடுமுறையில், பாரிஸிலிருந்து மகள் டிக்கெட் எடுத்து அனுப்பி, "சும்மா வாம்மா, பத்து நாள் இருந்துட்டுப் போ" என்றபோது, அந்தச் சும்மாவைக் கடலூரில் ஒருத்தரும் நம்பவில்லை. என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த டீச்சர், "பொண்ணுக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரி, "பாண்டிச்சேரியில பாக்காத பிரெஞ்சுக்காரனையா அங்க போயி பாக்கப் போற?" என்றாள்.

அந்தக் குறையை என் கணவர் தீர்த்துவைத்தார். சிதம்பரத்தில் இருக்கும் அவருடைய அக்கா ஒரு வரன் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளைக்குச் சிதம்பரத்திலேயே வங்கி வேலை, சொந்த வீடு, ஒரே பையன். மகள் சரி என்று சொன்னால் ஆவணியில் கல்யாணம். பாரிஸில் தொடங்கி ஒரு வருஷமே ஆகியிருந்த ஆராய்ச்சியை அவள் அப்படியே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும்.

"போன்ல கேட்டா வேணாம்னு வச்சிடுவா. நீ நேர்ல போயி, பக்கத்துல உக்காந்து, பதமா பேசி சரின்னு வாங்கிக்கினு வா," என்றார். நான் திரும்பி வந்ததும் வருகிற வெள்ளிக்கிழமை அவர்கள் பெண் கேட்டு வருவதாக ஏற்பாடு. ஆக, எனக்கும் ஒரு காரியம் கிடைத்துவிட்டது. நிம்மதியாக விமானம் ஏறினேன்.

மகளின் அறை ஐந்தாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, "இவ்வளவு பெரிய ஊர கட்டனவனுக்கு ஒரு லிஃப்ட் வைக்க வக்கில்லையா?" என்று திட்டினேன். அவள் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். வடகமும் புளிக்காய்ச்சலும் மிளகாய்த்தூளும் அடைத்த பெட்டி, துணி கொஞ்சம்தான்.

மறுநாள் விடியுமுன் எழுந்து, அறையைக் கூட்டி, சாதம் வடித்து, பாத்திரம் கழுவி, புடவை கட்டித் தயாராக உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்கு எழுந்தவள், "எங்கம்மா கெளம்பிட்ட?" என்றாள். "ஊர் பாக்கத்தான்," என்றேன். "ஊரு எங்கயும் ஓடிடாது," என்று மறுபடி போர்வையை இழுத்துக்கொண்டாள். எனக்குச் சுறுக்கென்றது. நம் ஊரில் எட்டு மணிக்குப் போர்வையை இழுக்கும் பெண்ணை நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது அவளுக்கும் தெரியும்.

பத்தரைக்குத்தான் கிளம்பினோம். கூட்டிப்போனது ஒரு பூங்காவுக்கு. அங்கே சிமெண்ட் பெஞ்சு கிடையாது. பச்சை பூசிய இரும்பு நாற்காலிகள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. வேண்டியதை இழுத்து, வேண்டிய இடத்தில் போட்டுக்கொள்ளலாம். "காசு கேப்பாங்களா?" என்றேன். இல்லையாம். "யாரும் தூக்கிக்கினு போயிட மாட்டாங்களா?" அதுவும் இல்லையாம். அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொன்றில் கால் நீட்டினாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. சுற்றிலும் பார்த்தேன். என் வயதுக்காரி ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு நாற்காலியை இழுத்துக் காலை நீட்டினேன். மதியம் வரை அப்படியே இருந்தோம். வெயில் நம்ம ஊர் மார்கழிக் காலை வெயில் மாதிரி உடம்புக்கு இதமாக இருந்தது.

அன்று கேட்டிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்தாயிற்று, பதமான நேரம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

மறுநாள், படங்களில் பார்க்கிற அந்தப் பெரிய இரும்புக் கோபுரம். ஆற்றின் இந்தக் கரையிலிருந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. மேலே ஏறலாமா என்று கேட்டாள். "ஏறினா என்னா தெரியும்?" "பாரிஸ் தெரியும்." "அதுலதான இருக்கோம்," என்றேன். ஏறவில்லை. ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு படகுகளைப் பார்த்தோம். இன்னொரு நாள் தமிழ்க் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போனோம். முருங்கைக்காய் கிடைத்தது. கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். "இந்தியாவில எவ்விடம்?" என்றார். சிதம்பரத்துக்குப் பக்கம், கடலூர் என்றதும் சிதம்பரத்துக்காக இரண்டு கையையும் கூப்பினார். ஊருக்குப் பேச ஒரு போன் கார்டும் அங்கேயே வாங்கிக்கொண்டேன்.

கார்டைத் தேய்த்து எண்ணைப் போட்டால் கணவர் எடுத்ததும் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "கேட்டியா?" வந்த அன்று மகளின் போனில் பேசியபோது, இப்போதுதான் வந்தேன் என்றேன். அப்புறம், மழை என்றேன். அவளுக்குத் தலைவலி என்று ஒரு நாள் சொன்னேன். தலைவலி யாருக்கும் இல்லை.

இதை மகள்மேல் வைத்த பாசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என் சந்தோஷத்துக்காகத்தான் தள்ளிப்போட்டேன். கேட்டால் அவள் முகம் சுருங்கும், நடையும் நாற்காலியும் அன்றோடு முடிந்துவிடும் என்று பயம். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில், என்னிடம் யாரும் எதுவும் கேட்காமல் நான் கழித்த முதல் பத்து நாள் அது. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

அவள் சுனாமி வந்த வருஷம் சிதம்பரத்தில் படிக்கச் சேர்ந்தாள். அங்கே ஆறு வருஷம். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கேரியரில் மீன் குழம்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். விடுதி வாசலில் அவள் வாங்கிக்கொண்டு, "கொஞ்ச நேரம் உக்காரும்மா" என்பாள். "பஸ் போயிடும், வீட்ல சோறு வைக்கணும்," என்று போன வாரத்துக் காலி கேரியரோடு திரும்பிவிடுவேன். ஆறு வருஷமும் அப்படித்தான். அந்தப் பூங்காவில் இதைச் சொன்னேன். "உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றேன். வெட்கமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை கணவருக்குப் போன் செய்தேன். "இன்னா, இன்னிக்காவது கேட்டியா இல்லியா? அக்கா காலைலேர்ந்து மூணு வாட்டி போன் பண்ணிட்டா."

"கேட்டுட்டேன்," என்றேன். "வேணாம்னுட்டா."

அவர் விடவில்லை. "நல்லா எடுத்துச் சொன்னியா?"

"சொன்னேன்," என்று வைத்துவிட்டேன். உள்ளுக்குள் பெருமைதான். மகளை ஒரு பெரிய சிக்கலிலிருந்து காப்பாற்றிவிட்டதாக நினைப்பு.

மேசையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "நான் என்னா வேணாம்னேன்?"

எல்லாவற்றையும் சொன்னேன். சிதம்பரம் அத்தை, வங்கி மாப்பிள்ளை, வருகிற வெள்ளிக்கிழமை. சொல்லி முடித்ததும் கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கேட்டிருந்தா நீ என்னா சொல்லியிருப்ப?" என்றேன்.

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"அதத்தான நான் சொன்னேன்."

"இல்லம்மா. அத நான் சொல்லியிருப்பேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது சுலபம். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். அவளுக்கு இருபத்து நாலு வயது. சரி வாங்கி வா என்று அனுப்பியவரும் அவளைக் கேட்கவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பெருமைப்பட்ட நானும் கேட்கவில்லை.

அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். "சரி. இப்ப கேக்கறேன். இப்படி ஒரு வரன் வந்திருக்கு. உனக்கு இஷ்டமா?"

"என்னா வயசு?"

"இருபத்தொம்போது."

"என் படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்குன்னு அவுருகிட்ட சொன்னாங்களா?"

"தெரியல."

"அவுரு இங்க வருவாரா?"

"அத யாரும் கேக்கல," என்றேன். எனக்கே கேட்கத் தோன்றவில்லை என்பதைச் சொல்லவில்லை.

அவள் நிஜமாகவே யோசித்தாள். ஜன்னலைப் பார்த்தாள், ரொட்டியைக் கொஞ்சம் பிய்த்துத் தின்றாள். அந்த நேரத்தில் அவள் சரி என்றுகூடச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது, பயமாகவும் இருந்தது. கடைசியில், "வேணாம்மா," என்றாள்.

கார்டில் இன்னும் கொஞ்சம் நிமிஷம் மிச்சமிருந்தது. கடலூர் எண்ணை மறுபடி போட்டேன். கணவர் உடனே எடுத்தார். "இன்னா, மனசு மாறிட்டாளா?"

"முன்ன நான் பொய் சொன்னேங்க. இப்பதான் கேட்டேன். இருங்க, அவளே பேசுவா," என்று போனை மகளிடம் கொடுத்தேன்.