மிளகுக் கொடி போட்ட நோட்டீஸ்

செம்மேட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மிளகு மண்டிக்காரர் ஒருவர், மண்டியின் முன்பக்கத்தைத் தடுத்து டிடிபி சென்டர் நடத்தினார். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பேனர் எல்லாம் என் டிசைன்தான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். மலையில் கம்ப்யூட்டர் தெரிந்த பெண் என்றால் தனி மரியாதை. அந்த மரியாதையில் பங்கு கேட்பதுபோல மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து ஒருத்தி வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

என்னைவிடச் சின்னவள். தினமும் காலை பஸ்ஸில் மலையேறி வருவாள். அத்தனை வளைவிலும் குலுங்கி வந்த பிறகும் தலையில் வைத்த பூ கலைந்திருக்காது. அதுவே எனக்கு எரிச்சல். வந்தவளுக்குப் புது கம்ப்யூட்டர், எனக்குப் பழசு. இரண்டையும் கேபிளில் இணைத்து, புதியதில் இருவருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் போட்டுக் கொடுத்தார்கள்.

"ஒரு சரக்கு ஒரு எடத்துலதான் இருக்கோணும் கண்ணு" என்பார் முதலாளி. மிளகு மூட்டைக்கு இருந்த சட்டம்தான் ஃபைலுக்கும். ஒரே டிசைன் இரண்டு இடத்தில் இருந்தால் அவருக்குப் பொறுக்காது. அவள் அதை அப்படியே கேட்டு நடந்தாள். முடித்த ஃபைலைத் தன் சொந்த ஃபோல்டரிலிருந்து கட் செய்து பொது ஃபோல்டரில் வைப்பாள். நான் அவருக்குத் தெரியாமல் காப்பிதான் செய்வேன். என் வேலை என் கையிலும் இருக்க வேண்டும் எனக்கு.

அந்த வருடம் மலைமேலேயே உள்ள வளப்பூர் நாட்டிலிருந்து கோயில் திருவிழா நோட்டீஸ் அடிக்க வந்தார்கள். என் ஊர், என் கோயில். அது என் வேலை என்று முன்பே மனதில் எழுதி வைத்திருந்தேன். வந்த பெரியவர், "நல்லாயிருக்கியா சாமி?" என்று என்னைக் கேட்டார். கேட்ட கையோடு முதலாளி பக்கம் திரும்பி, "போன மாசம் பத்திரிகை போட்டுக் குடுத்துதே, அந்தக் கீழ்நாட்டுப் புள்ளையே போடட்டுங்க" என்றார்.

மறுநாள் சாயங்காலம் வேலையை முடித்துவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போனாள். அதுவரை அவளுடைய ஃபைல் எதையும் திறந்து பார்க்க என் கௌரவம் இடம் கொடுத்ததில்லை. அன்று என் கம்ப்யூட்டரிலிருந்தே பொது ஃபோல்டரில் அவள் வைத்த நோட்டீஸைக் கிளிக் செய்தேன். ஆக்சஸ் டினைடு, அனுமதி இல்லை என்று வந்தது. அவள் போட்ட வேறு ஃபைல்களும் அப்படியே. என்னுடையதெல்லாம் அவளுக்குத் திறக்கிறது, அவளுடையது மட்டும் எனக்கு ஏன் திறக்கவில்லை? என் டிசைன்களைச் சுட்டு வைத்திருக்கிறாள், அதனால் பூட்டுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

கட் செய்து வைத்த ஃபைல் அது முன்பு இருந்த சொந்த ஃபோல்டரின் பூட்டோடுதான் வரும், காப்பி செய்தால் அந்தத் தொல்லை இல்லை என்று நாமக்கல்லிலிருந்து வந்த மெக்கானிக் பிறகு சொன்னார். முதலாளியின் மிளகுச் சட்டம் செய்த வேலை. அன்று எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அடுத்த நாள் மழையில் ரோட்டில் பாறை சரிந்து பஸ் மலையேறவில்லை, அவளும் வரவில்லை. நோட்டீஸைப் பார்த்துவிட்டு பிரஸ்ஸுக்கு அனுப்பலாமென்று பெரியவர் வந்து உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் அவளுக்கு போன் போட்டேன்.

"ஏம்புள்ள, எதுக்குப் பூட்டி வெச்சிருக்கற?"

"நான் ஒண்ணும் பூட்டலீங்கக்கா. எம்பட கம்ப்யூட்டர்லயே தெறந்துக்குங்க" என்று பாஸ்வேர்டையும் சொன்னாள். கேட்காமலே சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. மறைப்பவள் அப்படிச் சொல்ல மாட்டாளே.

திறந்தேன். என் பார்டர் எங்கே, என் பூ எங்கே என்று பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினேன். ஒன்றுகூட இல்லை. நோட்டீஸின் இரண்டு ஓரத்திலும் மிளகுக் கொடி ஏறியிருந்தது. மரத்தைப் பற்றும் வேர், இலை, இலைக்கு எதிரே தொங்கும் சரம் எல்லாம் அவள் கையால் வரைந்தது. பஸ் ஜன்னலில் பார்த்துப் பார்த்தே பிடித்திருக்கிறாள். அந்தக் கொடிகளுக்கு நடுவில் வளர்ந்த நானோ, டிசைன் சிடியில் ரெடிமேடாக வந்த ரோஜாப் படத்தை எடுத்துத்தான் எல்லா நோட்டீஸிலும் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

பெரியவர் எழுந்து வந்து ஸ்கிரீனில் விரலை வைத்தார். "நம்ம ஊட்டுக் கொடியாட்டமே இருக்குது. கொடி மட்டும் நீ போட்டதா கண்ணு?"

"இல்லீங்க. அந்தப் புள்ள போட்டது."

சொல்லிவிட்டு, பிரஸ்ஸுக்கு அனுப்ப ஃபைலை சிடியில் ஏற்றினேன்.

மெக்கானிக் வந்து சரிசெய்த பிறகு அவளுடைய ஃபைல்கள் எல்லாம் என் பழைய கம்ப்யூட்டரிலும் திறந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றிலும் என்னுடையது எதுவும் இல்லை. திறக்காமல் இருந்தவரை அவளைத் திருடி என்று திட்டிக்கொள்ளவாவது முடிந்தது.