என் லேப்டாப்பில் அவர் நிர்வாகி

வங்காளத்துக்கு மாற்றலாகி லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே என் கணவர் எல்லாவற்றையும் முடித்துவிட்டார். கேஸ் இணைப்பு, வாடகை ஒப்பந்தம், வைஃபை, எல்லாம் அவர் பெயரில். துறைமுக உத்தியோகம், மூன்று வருடத்துக்கு ஒரு ஊர். அதனால் இதெல்லாம் அவருக்குக் கைவந்த கலை. என் லேப்டாப்பில் லினக்ஸ் இயங்குதளம் போட்டுத் தந்ததும் அவர்தான். அதிலும் பழக்கதோஷம் விடவில்லை. எதையும் மாற்றக்கூடிய நிர்வாகக் கணக்கு அவருக்கு, சாதாரணக் கணக்கு எனக்கு.

ஒவ்வொரு மாற்றலிலும் ஒரு வேலையை விட்டுவிட்டு வந்தவள் நான். வீட்டிலிருந்தே செய்யும் இந்த வேலை கிடைத்தால் அடுத்த ஊருக்கும் கூடவே வரும். அதற்கான தேர்வு அன்று மூன்று மணிக்கு. அவர்களுடைய சோதனை சர்வருக்குள் போக, ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பில் அதன் முகவரியைச் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு வரி.

எழுதினேன், சேமிக்க விடவில்லை. நிர்வாகி அதிகாரம் கேட்கும் சூடோ கட்டளையைப் போட்டு என் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். அனுமதிப் பட்டியலில் நான் இல்லையாம். இந்த முயற்சி புகாராகப் பதிவாகுமாம். யாரிடம் புகார்? அவரிடம்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன் செய்தேன், எடுக்கவில்லை. மீட்டிங்காக இருக்கும். திரும்பத் திரும்ப அடித்தேன். அண்ணி என்ற பொருளில் நான் பௌதி என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளிப் பெண்மணியிடம் புலம்பினால், ஆறு மணிக்கு வந்துவிடுவாரே, அதுவரை சா குடி என்று டீக்கு அழைத்தாள். நல்ல யோசனை.

இரண்டே முக்காலுக்கு லேப்டாப்பை அணைத்து, பழுதுபார்க்கும் முறையில் திறந்தேன். கறுப்புத் திரை வந்தது. கடவுச்சொல்லும் கேட்கவில்லை, நான் யார் என்றும் கேட்கவில்லை. இத்தனை நேரம் என்னை மட்டும் ஏன் படுத்தியது என்று ஆத்திரமாக இருந்தது. அந்த வரியைச் சேர்த்தேன். கையோடு நிர்வாகிகள் குழுவில் என் பெயரையும் சேர்த்தேன். தேர்வில் ஏழு நிமிடம் தாமதமாக, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நுழைந்தேன்.

ஆறரைக்கு வந்தவரிடம் நடந்ததைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"ஒம்பது தடவை கேட்டேன். போனைப் பாருங்கோ."

பார்த்தார்.

"அந்தக் குழுவிலேருந்து என் பேரை எடுத்துடலையே?" என்றார்.

தேர்வு எப்படிப் போயிற்று என்று அவர் கேட்கவே இல்லை.