முழங்காலில் எடுக்காத ஸ்கேன்

போன வாரம் திருநெல்வேலியில் ஒரு ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். ஸ்கேன் எனக்கல்ல. எனக்கு மூன்று மாதம் முன்பே எடுத்தாயிற்று — புராஸ்டேட்.

இந்தச் சொல்லை என் வாராந்திரப் பத்தியில் எழுத எனக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது, பாருங்கள்.

என் படத்தை டாக்டர் பார்ப்பதற்கு முன்பே ஏ.ஐ. பார்த்தது. சந்தேகப்பட்ட இடத்தில் ஒரு சிவப்பு வட்டம் போட்டது. டாக்டர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். “ரொம்பச் சின்னது சார். நான் மட்டும் பார்த்திருந்தா ஒருவேளை தாண்டிப் போயிருப்பேன்” என்றார். ஊசி வைத்துச் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான். ஆரம்ப நிலை, குணமாக்கிவிடலாம்.

கூச்சநாச்சம் இல்லாத மெஷின். பார்த்ததைச் சொல்லிவிட்டது. நான்?

கோவில்பட்டி திரும்பியதும் ஞானமுத்து கேட்டார். ஊருக்கு வெளியே மக்காச்சோளம் போடுகிறவர். தினமும் காலையில் என்னோடு நடக்க வருகிறவர்.

“என்ன அண்ணாச்சி, ஸ்கேன் எடுத்தியளாம்லா?”

“முழங்கால் வே. தேய்ஞ்சு போச்சாம்.”

மறுநாளிலிருந்து பாவம், எனக்காக மெதுவாக நடந்தார். “பாத்துக் கால வையுங்க, கரிசல் வெடிச்சுக் கெடக்கு” என்பார். நானும் மறக்காமல் நொண்டினேன். எந்தக் கால் என்பதுதான் சில நாள் மாறிவிடும்.

வழியில் ஆளுக்கொரு வேலிக்கருவைப் புதருக்குப் பின்னால் ஒதுங்குவோம். ஒரே நடையில் மூன்று தடவை. “டீ ஜாஸ்தியாப் போச்சு” என்பார். தலையாட்டுவேன். அவருக்கும் அதே கோளாறு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சொன்னால் என் குட்டு உடைந்துவிடுமே...

போன மாதம் அவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. ரத்தப் பரிசோதனையும் நல்லபடியாக இல்லை. அப்போதுதான் வாயைத் திறந்தேன்.

அவர் கோபப்படவில்லை. பட்டிருக்கலாம்.

“அப்பமே சொல்லியிருந்தா நானும் கூட வந்திருப்பேன்லா அண்ணாச்சி. யார்ட்ட கேக்கன்னு தெரியாமத்தான் வெக்கப்பட்டுக் கெடந்தேன்.”

வாராவாரம் உங்களைச் சிரிக்க வைக்கிற நான், அன்றைக்கே அந்த ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டு அவர் பெயரைப் பதிந்தேன்.

போன வாரம் அவரை ஸ்கேன் அறைக்குள் கூட்டிப்போனார்கள். அவர் படத்தில் வட்டம் எவ்வளவு பெரிதாக விழுமோ... ரிசல்ட் இன்னும் வரவில்லை.

வெளியே என்னிடம் ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘உடன் வந்தவர் நோயாளிக்கு என்ன உறவு?’

‘நண்பர்’ என்று எழுதி முடிப்பதற்குள் பேனா இரண்டு தடவை நின்றுவிட்டது.

புதுப் பேனா.