எறும்புகளுக்குப் பாறணை

எறும்பு வளர்க்கிறேன் என்று சொன்னால் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் சிரிப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு எறும்பு என்றால் மஞ்சள் தூள் தூவி விரட்ட வேண்டிய ஒன்று. நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு ஜூலை மாதப் புழுக்கத்தில், நான் வேலை செய்யும் மரக்கறிக் கடை வாசலில், கத்தரிக்காய்ப் பெட்டியின் மேல் ஒரு பெரிய கறுப்பு எறும்பு தன் சிறகுகளைத் தானே கழற்றிப் போட்டுவிட்டு நடந்து போனதைக் கண்டேன். ஸ்மார்ட்போன் வாங்கிய புதிது. தேடிப் பார்த்தால், அது ராணி எறும்பாம். குடியிருக்க இடம் தேடுகிறதாம். பாரிஸில் வீடு தேடி அலைவது என்னவென்று எனக்குத் தெரியும். விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

ஒரு கண்ணாடிக் குழாயின் அடியில் தண்ணீர் விட்டுப் பஞ்சால் அடைத்து, ராணியை உள்ளே விட்டு, வாயையும் பஞ்சால் மூடினேன். கோடை முடிவதற்குள் அவளைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். என் மனைவி கண்டும் காணாததுபோல இருந்தாள். சண்டை இலையுதிர் காலத்தில்தான் வந்தது.

இந்த ஊர் எறும்புகள் குளிர்காலம் முழுவதும் சாப்பிடாமல் உறங்க வேண்டும். சூட்டில் வைத்திருந்தால் ராணி களைத்துச் செத்துவிடுவாள். எங்கள் கட்டடத்திலோ ஷோஃபாஜ் என்கிற சூடேற்றி எல்லா வீட்டுக்கும் பொது; அதைப் போட்டுவிட்டார்கள் என்றால் ஜனவரியிலும் பனியனோடு இருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே வைத்தால் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். மிஞ்சியது பிரிட்ஜ். குழாயைத் துணியில் சுற்றி, பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்துக்கொண்டு போய் மனைவியிடம் இடம் கேட்டேன்.

"நாளைக்குக் கந்தசஷ்டி விரதம் தொடங்குது. மீன், இறைச்சி எல்லாத்தையும் எடுத்துப்போட்டு இப்பதான் பிரிட்ஜைக் கழுவினனான். நீங்கள் எறும்பைக் கொண்டு வாறியள்."

"எறும்பு மச்ச மாமிசமில்லையப்பா."

"உயிர் இருக்கெல்லோ?"

"இருக்கு. ஆனா நாங்கள் அதைச் சாப்பிடப் போறேல்லையே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அதுகள் உள்ளுக்கு என்னத்தைச் சாப்பிடும்?"

"ஒண்டுமில்லை. தண்ணி மட்டும்தான்."

ஆறு நாளும் பாலும் பழமும் என்று வெளுத்துவாங்குகிற என்னைவிட, தண்ணீரோடு கிடக்கும் எறும்பு அவளுக்கு மேலாகத் தெரிந்திருக்க வேண்டும். "அப்ப அதுகளும் விரதம்" என்று சொல்லி, டப்பாவைத் தன் கையாலேயே வெண்டிக்காய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.

அந்தச் சொல்தான் வினையாகிப்போனது. ஏழாம் நாள் காலை, விரதம் முடித்துச் சாப்பிடும் பாறணை. நான் விடியவே கடைக்குப் போய்விட்டேன். மத்தியானம் வந்து பார்த்தால் டப்பா ஷோஃபாஜுக்குப் பக்கத்து மேசையில் திறந்து கிடக்கிறது. குழாய்க்குள் ஒரு சொட்டுச் சீனித்தண்ணீர். பிள்ளைகள் அங்கும் இங்கும் ஓடின. ராணி ஓரமாகச் சுருண்டு கிடந்தாள்.

"நாங்கள் வயிறு நிறையச் சாப்பிடேக்க அதுகள் மட்டும் பட்டினி கிடக்கிறதே? அதுதான் பாறணை குடுத்தனான்" என்றாள், முகம் நிறையச் சந்தோஷத்தோடு.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. நல்ல நாளும் அதுவுமாகச் சண்டை வேண்டாம் என்று விழுங்கிக்கொண்டேன். "அதுகளின்ரை விரதம் மார்ச் மாசம்தானப்பா முடியும்."

அவள் முகம் விழுந்துவிட்டது. "ராணி செத்துப்போச்சோ?"

"தெரியேல்லை. இனி எழுப்பேக்கதான் தெரியும்."

படிக்கட்டுக் குளிரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு டப்பாவை மறுபடி பிரிட்ஜுக்குள் வைத்தேன். குளிரில் எல்லா எறும்பும் அசையாமல்தான் கிடக்கும்; உறக்கமா சாவா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அன்று பின்னேரம் அவள் தேநீரில் சீனி போடவில்லை. மூன்று கரண்டிக்குக் குறைந்தால் அதைத் தேநீர் என்றே ஒப்புக்கொள்ளாதவள். ஏன் என்று கேட்டேன்.

"அதுகள் எழும்பட்டும்."

அந்தக் குளிர்காலம் எனக்குத்தான் கசந்தது. சீனியில்லாத தேநீரின் கோபமெல்லாம் என் தலையில் இறங்கியது. புறநகர் கார்ஜிலிருந்து வந்த என் தங்கை ஒருநாள் அந்த டப்பாவைத் திறந்துவிட்டாள். எங்கள் வீடுகளில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருக்காது, பழைய குழம்புதான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். எறும்பை அவள் எதிர்பார்க்கவில்லை. அவள் வாயைத் திறக்குமுன் என் மனைவி சொன்னாள்: "மெல்ல மூடுங்கோ மச்சாள். நித்திரை குழம்பப் போகுது."

மார்ச்சில், எனக்கு வேலையில்லாத ஒரு காலையில், குழாயை எடுத்துச் சமையலறை மேசையில் வைத்தோம். அவள் தன் சீனியில்லாத தேநீரோடு எதிரே உட்கார்ந்தாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பிள்ளை காலை நீட்டியது; இன்னொன்று தடுமாறி எழுந்தது. ராணி அசையவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. எறும்புக்காக அல்ல, பாறணை கொடுத்த அந்தக் கைக்காகப் பயந்தேன்.

பிள்ளைகள் போய் ராணியை மொய்த்துத் தடவின. அவளுடைய மீசை ஒன்று மெல்ல மேலே எழுந்தது. பிறகு மற்றது.

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்ச் சீனிப்போத்தலை எடுத்து வந்தாள். கரைத்து, பஞ்சை விலக்கி, ஒரு சொட்டு முதலில் அவர்களுக்கு வைத்தாள். அதன் பிறகுதான் தன் கோப்பையில் ஒரு கரண்டி போட்டாள், இரண்டு, மூன்று. நாலாவது கரண்டியைக் காணாததுபோல நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.