ரோமாபுரி அடிமையும் என் தோள் துண்டும்

பபூன் வேஷக்காரனுக்கு அடி வாங்கத் தெரிந்தால் போதும், ரோஷம் கூடவே கூடாது என்பது நாடகக் கொட்டகைச் சட்டம். என்னைப் போலவே அரிதாரம் பூசி வயிறு வளர்த்த நாடகக்காரர்களான உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கதை வந்த கதை

மதுரையில் எங்கள் கம்பெனி புதுக் கதை கிடைக்காமல் முழித்தபோது, காலேஜ் வாத்தியார் ஒருவர் பழைய ரோமாபுரி நாடகம் ஒன்றைச் சொன்னார். ஒரு கஞ்சக் கிழவர். அவர் மகன் ஆசைப்பட்ட பெண்ணைத் தரகன் ஒருவன் விலைபேசி வைத்திருக்கிறான். கிழவரையும் தரகனையும் ஏமாற்றி அவளை மீட்பவன் அந்த வீட்டு அடிமை. கடைசியில் கிழவருக்குப் புத்தி வந்து அடிமைக்கே விடுதலை தருகிறார். அடிமை வேஷம், கம்பெனி பபூனான எனக்கு.

"எசமான்மாரு அடிக்க வரலையா சார்?" என்று கேட்டேன்.

"முன்வரிசையில உக்காந்து சிரிச்சாங்கப்பா" என்றார்.

திருமங்கலத்தில்

விடுதலையை நம்மூரில் எப்படிக் காட்டுவது? பண்ணையார் முன்னால் துண்டை இடுப்பில் கட்டி நிற்பதுதானே வழக்கம்? அதனால் நாடகம் முழுக்கத் துண்டு என் இடுப்பில். விடுதலை கிடைத்ததும் அவிழ்த்து, உதறி, தோளில் போடுவேன். அந்த இடத்தில் கொட்டகையே அதிர்ந்தது. நாற்காலியில் இருந்த பெரிய மனிதர் ஒருவர் மட்டும் எழுந்து கத்தினார்: "பொண்ண மீட்டது சரிடா, துண்ட எறக்குடா!"

சோழவந்தானில்

அங்கே நாடகம் வைத்ததே ஒரு பண்ணையார். வெற்றிலைக் கொடிக்கால் எல்லாம் அவருடையது. மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் அவருடைய ஆட்கள். துண்டுச் சேதி எங்களுக்கு முன்பே அவர் காதுக்குப் போயிருந்தது. திரை தூக்குகிற நேரத்தில் கம்பெனி முதலாளி ஓடி வந்தார்.

"மாப்ள, துண்டு இடுப்புலயே இருக்கட்டும். தோளுக்குப் போச்சுன்னா ஒனக்கு இங்க வேலை இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரோமாபுரி எசமானுக்கு இருந்த தைரியம் இவர்களுக்குக் கிடையாதா?

"போட்டுட்டே போறேண்ணே" என்றேன். அந்த வேஷத்துக்கு வேறு ஆள் இல்லை, அவர் என்ன செய்வார்?

போட்டேன். பண்ணையார் எழுந்து போனார். மணலில் ஒருத்தரும் கைதட்டவில்லை. இவர்களுக்காகவா இம்புட்டும் என்று நெஞ்சு கொதித்தது.

காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு நடந்தேன். கொடிக்காலில் வேலை பார்க்கிற ஒருவர், துண்டு இடுப்பில் இருக்க, பின்னாலேயே வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "அண்ணே, அது தோள்ல கெடக்கையில எப்படி இருக்கும்?"

என் துண்டை எடுத்து அவர் தோளில் போட்டுவிட்டு ரயிலேறினேன். அதற்கப்புறம் எந்த முதலாளியும் எனக்கு அடிமை வேஷம் தரவில்லை, அது எனக்குப் பொருந்தாதாம்.