கழுவிய கல்லில் எது மேல்பக்கம்

எழுபதுகளின் கடைசியில், ஒலுவில் பக்கம் கல் ஆராய வந்த முகாமுக்குச் சமைக்கப் போனேன். மூன்றாம் நாளே என் வேலை போகப் பார்த்தது. நான் செய்த குற்றம், சுத்தமாக இருந்ததுதான்.

முகாமுக்குப் பொறுப்பான சேர் கொழும்பிலிருந்து வந்தவர். பெரிய படிப்பு, ஆனால் மீன் முள்ளை எடுக்கத் தெரியாது. கடலோர மணற்பாறையை உளியால் வெட்டி வருவார். அது முன்னொரு காலத்துக் கடலடி மணலாம். அடுக்கடுக்காய், படைபடையாகப் படிந்து கல்லானதாம். உள்ளே அக்காலப் புழுக்கள் தோண்டிய துளைகள் அப்படியே கிடக்குமாம். கடற்கரையில் பிறந்த எனக்கே கடலைச் சொல்லித்தந்தார், அல்லாஹ் அவருக்கு றஹ்மத் செய்யட்டும்.

அன்று முற்றத்தில் பன்னிரண்டு கற்கள். எல்லாவற்றிலும் கரிக்கோடு. அழுக்கைக் கண்டால் எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கை சும்மா இருக்காது. சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டுத் தேய்த்து, சட்டி காயவைப்பது போல வெயிலில் கவிழ்த்து வைத்தேன்.

சேர் வந்தார். ஒரு கல்லைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உம்மா, கல்லில இருந்த அம்புக்குறி எங்க?"

"அம்பா? ஊத்தையெண்டு தேச்சுட்டன் சேர்."

அந்தக் கோடுதான் கல்லின் மேல்பக்கத்தைக் காட்டுவதாம். அது தெரியாவிட்டால் எந்தப் படை முந்தியது என்று சொல்ல முடியாதாம். வெட்டிய இடத்தில் பொருத்திப் பார்க்கலாமென்றால், கடல் கொந்தளித்து அதை மூடிவிட்டது. விடிந்தால் கற்களை ஏற்ற லொறி வரும்.

"நாளைக்கு நீங்க வரத் தேவையில்ல" என்றார்.

வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்த காலம் அது. என் சமையல் வேலையால்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கற்களைப் பார்த்தேன். பக்கவாட்டில் வளைந்த துளைகள். தூண்டிலுக்குப் புழு தோண்டிய கைக்கு அது புதிதா? புழு வளை தொட்டில் போல இறங்கி ஏறும். இங்கே சில தொட்டில்கள் குப்புறக் கிடந்தன.

"சேர், புழு தலைகீழா நிண்டு எப்பிடி மூச்செடுக்கும்? வளைக்கு வாய் ரெண்டும் மேலதான் இரிக்கும். இந்தக் கல்லத் திருப்புங்க."

அவர் தடித்த புத்தகமொன்றைப் புரட்டினார். அதிலும் அப்படித்தான் இருந்ததாம். நல்லகாலம், புத்தகம் எழுதியவரும் புழுவைப் பார்த்திருக்கிறார்.

துளையிருந்த ஒன்பது கற்களுக்கும் மேல்பக்கம் கண்டு, குப்புறக் கிடந்தவற்றை நிமிர்த்தினோம். துளையில்லாத மூன்றுக்கும் மேல்பக்கம் சொல்ல வழியில்லை; என்னைப் பார்த்தபடியே தூக்கி வீசினார்.

"நாளைக்கு வாங்க உம்மா. கல்லுக்குக் கிட்ட மட்டும் போகாதீங்க."

வேலைக்குப் போகும் பிள்ளைகளே, படித்தவர்கள் எழுதியது பார்ப்பதற்கு ஊத்தை மாதிரித்தான் இருக்கும். தேய்க்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்.